இரண்டாம் பொத்தான்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தும் கடலுக்குப் போகாத ஆண்கள் மூன்று வகை. குருமடத்துக்குப் போய்ச் சுவாமியானவர்கள் ஒரு வகை. வெளிநாடு போனவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகையில் லெனாட் ஒருவன்தான்.

பன்னிரண்டு வயதில் தகப்பன் அவனை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். மண்டைதீவு கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில்தான் கிடக்கிறது. இந்தக் கரையில் நின்று கத்தினால் அங்கே நாய் குரைக்கும். அந்தத் தூரத்துக்குள் லெனாட் நான்கு தரம் சத்தி எடுத்தான். ஐந்தாம் தரத்துக்கு வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாதபடியால் அழுதான். அடுத்த நாளும் ஏற்றினார். அதற்கடுத்த நாளும் ஏற்றினார். கடைசியில், "உவன் மீனுக்குச் சாப்பாடு போடத்தான் கடலுக்கு வாறான்" என்று சொல்லி ஒரு ஸ்ரூடியோவில் கொண்டுபோய் விட்டார்.

இப்போது அவனுக்கு நாற்பத்துநான்கு வயது. சொந்தமாக ஸ்ரூடியோ இருக்கிறது. கலியாணவீடு, சாமத்தியவீடு, முதல்நன்மை, செத்தவீடு எல்லாவற்றுக்கும் படம் எடுக்கிறான். கடலைப் படம் எடுக்கச் சொன்னால் மட்டும் லென்ஸ் துடைக்கிற சாட்டில் மற்றப் பக்கம் திரும்பிவிடுவான்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. தெரிந்தும் றஜனி அவனைக் கட்டினாள். அவளுடைய தமையன் சிமியோனுக்கு அது பிடிக்கவில்லை. அவர் பரம்பரைக் கடல்தொழிலாளி. "தண்ணியைக் கண்டால் தலை சுத்துறவனுக்கோ என்ரை தங்கச்சி" என்று ஒரு தரம் கேட்டார். கலியாணப் பூசைக்கு வந்தார், விருந்துக்கு வரவில்லை. பதினான்கு வருசமாகிறது. அதைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை என்றால் இரண்டு பேரும் கதைக்க வேண்டும். நத்தாருக்குக் கேக் வரும். கேக்கோடு அவர் மனைவி ஜெனிற்றாதான் வருவாள். வழியில் கண்டால் சிமியோன், "என்ன படக்காரர்" என்பார். மறுமொழிக்கு நிற்காமல் போய்விடுவார். ஊரில் பாதிப் பேரை அவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவது. உண்மையான மச்சானுக்கு மட்டும் அந்தச் சொல் கைவரவில்லை.

அப்படிப்பட்ட சிமியோன் புது வள்ளம் ஒன்று இறக்கினார். ஜெனிற்றா வந்து, கதிரையில் இருக்காமலே விசயத்தைச் சொன்னாள்.

"ஞாயிறு பூசை முடிய, பாதர் வந்து தண்ணி தெளிச்சு மந்திரிக்கிறார். லெனாட்டை வந்து படம் எடுக்கட்டாம்."

"ஆர் சொன்னது?" என்றான் லெனாட்.

"அவர்தான்."

"வேறை ஆக்கள் கிடைக்கேல்லையாமோ?"

"அதையும் கேட்டுக்கொண்டு வரட்டோ?"

றஜனி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். தேத்தண்ணி வர அரைமணித்தியாலம் சென்றது. வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள். தேத்தண்ணியில் சீனி இருக்கவில்லை. ஜெனிற்றாவும் லெனாட்டும் அதை இனிப்பான தேத்தண்ணி மாதிரியே குடித்து முடித்தார்கள். இருபத்தைந்து வருசமாகத் தான் எடுத்த படங்கள் எல்லாம் ஒரு தட்டில், வருகிற ஞாயிறு எடுக்கப்போகிறது மற்றத் தட்டில் என்று லெனாட்டுக்கு விளங்கியது.

கமரா புதிது. புதிது என்றால் அவனுக்குப் புதிது. அச்சுவேலியில் படம் எடுத்துக்கொண்டிருந்த கஜானன் இங்கிலாந்துக்குப் படிக்க வெளிக்கிட்டபோது அவனிடமிருந்து வாங்கி இரண்டு மாதம்தான்.

லெனாட்டின் பழைய கமரா கண்ணாடி வைத்தது. கண்ணை வைத்தால் எதிரே நிற்கிற ஆள் எப்படியோ அப்படியே தெரிவார். படம் எப்படி வரும் என்பது எடுக்கிறவனுடைய மண்டைக்குள் இருக்க வேண்டிய விசயம். புதுக் கமராவில் கண்ணாடி கிடையாது. கண் வைக்கிற ஓட்டைக்குள் ஒரு குட்டி ரீவி இருந்தது. அது ஆளைக் காட்டாது. எடுக்கப்போகிற படத்தை எடுக்க முன்னமே காட்டும். வெளிச்சக் கணக்குக் கூடினால் வெளுப்பாகக் காட்டும், குறைந்தால் இருட்டாகக் காட்டும். எக்ஸ்போஷர் பிறிவியூ என்று அதற்குப் பெயர்.

இதில் லெனாட்டுக்கு வந்த சந்தோசம் சொல்லி மாளாது. கமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு குசினி வாசலில் நின்று வெளிச்சக் கணக்குச் சில்லைத் திருப்பினான். றஜனி கறுத்தாள். பிறகு வெளுத்தாள். திரும்பவும் கறுத்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"உமக்கு எந்த நிறம் வேணுமெண்டு சொல்லும். எடுக்க முன்னமே பாத்துத் தாறன்."

"இருக்கிற நிறம் காணும். உந்தத் தேங்காயைத் திருவித் தாங்கோ."

மற்றச் சங்கதி பொத்தான்கள். மேலே இரண்டு, பின்னே மூன்று, முன்பக்கம் விரல் மடிகிற இடத்தில் ஒன்று. எந்தப் பொத்தான் என்ன வேலை செய்ய வேண்டும் என்று வைத்திருக்கிறவனே பழக்கலாம். கஜானன் தன்னுடைய கைக்கு ஏற்றபடி பழக்கிவிட்டுப் பிளேன் ஏறியிருந்தான். லெனாட் ஒன்றை அமத்தினால் படம் கறுப்புவெள்ளையாகும். இன்னொன்றை அமத்தினால் கமரா சத்தமில்லாமல் தன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டே போகும். சொந்தக்காரன் மாறின சங்கதியைப் பொத்தான்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. முடிவில் றஜனி எல்லாவற்றையும் அழித்துக் கடையில் வாங்கினமாதிரி ஆக்கினாள். கமராவின் புத்தகத்தைப் போனில் இறக்கி, சீரியல் பார்க்கிற நேரத்தில் வாசித்தாள். அறுநூற்றுச் சொச்சம் பக்கம். லெனாட் வாசிக்கவில்லை. படம் எடுப்பது கண்ணாலே ஒழியப் புத்தகத்தாலே அல்ல என்பது அவனுடைய கொள்கை. கொள்கை என்பது ஒரு மரியாதைக்கு. இங்கிலீசில் பத்துப் பக்கம் போனால் அவனுக்குக் கடலில் போகிறமாதிரி இருக்கும்.

மந்திரிப்புக்கு முதல்நாள், சனிக்கிழமை, வட்டுக்கோட்டையில் ஒரு சாமத்தியவீடு. பெண்கள் உடுக்கிற அறைக்குள் படம் எடுக்க றஜனியும் போயிருந்தாள். மண்டபத்துக்குள் லெனாட் புதுக் கமராவில் முதல் தரமாகப் பிளாஷைப் பூட்டி, கணக்கெல்லாம் கையாலே வைத்து, கண்ணை ஒட்டினான். கும்மிருட்டு. லென்ஸ் மூடியைப் பார்த்தான், கழற்றித்தான் இருந்தது.

"கமரா செத்துப்போச்சு" என்றான்.

றஜனி வாங்கிப் பார்த்தாள். "சாகேல்லை. பிளாஷ் வெட்டப்போறது அதுக்குத் தெரியாதப்பா. மண்டபத்திலை இருக்கிற வெளிச்சத்தை மட்டும் பாத்து, உந்தக் கணக்கிலை எடுத்தால் இருட்டாத்தான் வரும் எண்டு சொல்லுது. பொய் சொல்லேல்லை."

"நான் எடுத்தால் வெளிச்சமா வருமே."

"வரும். உப்புப் போட முன்னமே கறியை நக்கிப் பாத்திட்டு, உப்பில்லை எண்டு சொல்லுற ஆக்கள் இல்லையே? அதுமாதிரித்தான்."

"உம்மடை அண்ணை மாதிரி."

"அண்ணையை விடுங்கோ. இஞ்சை பாருங்கோ, ரெண்டாம் பொத்தானுக்கு இந்த வேலையைக் குடுக்கிறன். அமத்தினால் பிறிவியூ நிண்டிடும். நிண்டால் உள்ளுக்கை எப்பவும் வெளிச்சமாத்தான் தெரியும். என்ன கணக்கு வைச்சாலும் வடிவாத்தான் காட்டும். ஆனால் படம் அப்பிடி வராது. விளங்குதோ? பிளாஷ் பூட்டினால் ரெண்டாவதை அமத்துங்கோ. கழட்டினால் திருப்பி அமத்துங்கோ."

"ஓம்."

"என்ன சொன்னனான்?"

"ரெண்டாவது."

"ரெண்டாவதை என்ன செய்யிறது?"

"அமத்திறது."

அந்த நேரம் பார்த்து நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. பிள்ளை பல்லக்கில் வந்து இறங்கினாள். பாடம் அவ்வளவோடு நின்றது.

ஞாயிறு பத்தரை மணி வெயில் குருநகர் ஜெற்றியில் கொதித்துக்கொண்டிருந்தது. வள்ளம் வெள்ளை. பாதருடைய அங்கி வெள்ளை. சிமியோன் மினுக்கின வெள்ளைச் சேட்டோடு எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றார். வள்ளத்தின் முகப்பில் சகாயமாதா என்று சிவப்பில் எழுதி, மல்லிகைச் சரம் போட்டிருந்தார்கள். பின்னாலே கடல் தகரம்போல மின்னியது. லெனாட் கரையில் உறுதியான நிலத்தில் காலை ஊன்றி, பிளாஷைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, கண்ணை ஒட்டினான்.

உள்ளே எல்லாம் வடிவாகத் தெரிந்தது. பாதர் பாதரின் நிறத்தில் இருந்தார். கடல் கடலின் நிறத்தில் இருந்தது. எடுக்கப்போகிற படத்தையே காட்டுகிற கமரா வடிவாகக் காட்டினால் பிறகு என்ன கணக்கு? கீழே மூலையில் ஒரு இலக்கம் விட்டுவிட்டு மின்னியது. பிளாஷ் போட்டு எடுக்கிற மண்டபங்களில் பழைய கமராவிலும் அது எப்போதும் மின்னும். வீட்டு மணிக்கூட்டின் சத்தம் வீட்டுக்காரனுக்குக் கேட்காததுபோல அது லெனாட்டின் கண்ணில் படுவதை எப்போதோ நிறுத்திவிட்டது.

எடுத்த படத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கமும் அவனிடம் இல்லை. "எடுத்த கையோடை திருப்பிப் பாக்கிறவன் படக்காரன் இல்லை, சந்தேகக்காரன்" என்று முதல் வேலை பழகின ஸ்ரூடியோ முதலாளி சொல்லியிருந்தார். அவருடைய காலத்தில் பிலிம் போட்ட கமராவின் முதுகில் திருப்பிப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை என்பதை லெனாட் யோசித்ததில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு படம். பாதர் தண்ணீர் தெளித்தது, ஜெனிற்றா முழங்காலில் இருந்தது, சிமியோன் வள்ளத்தின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"வந்திட்டுதோ படக்காரர்?" என்று சிமியோன் கேட்டார். முதல் தரமாக, கேட்டுவிட்டு நின்றார்.

"எல்லாம் வடிவா வந்திட்டுது."

"அப்ப, சாப்பிட்டிட்டுப் போங்கோ."

பதினான்கு வருசத்துக்குப் பிறகு லெனாட் சிமியோனின் வீட்டுக்குள் கால் வைத்தான். இறால் பொரியலைச் சிமியோனே கோப்பையில் போட்டார். போதும் என்றபோது இன்னும் ஒரு கரண்டி போட்டார். றஜனி குசினி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருப்பது தெரியக்கூடாது என்று கையில் ஒரு வெறும் சட்டியைப் பிடித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரில் போட்டால், வெள்ளை.

முதலாவது படம் வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. மோட்சத்துக்குப் போய் எடுத்ததுபோல இருந்தது. ஆட்களின் தலைமயிர் மட்டும் அங்கங்கே சாம்பல் குருவிகளாக மிதந்தது. குருவிகளை எண்ணி எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லலாம். எஞ்சின் கறுப்பு என்றபடியால் அது ஓரளவுக்குத் தப்பியிருந்தது. லெனாட் வெளிச்சத்தை இறக்கிப் பார்த்தான். வெள்ளை சாம்பலானது, ஆட்கள் வரவில்லை. வட்டுக்கோட்டை மண்டபத்தின் கணக்கிலேயே குருநகர் வெயிலை எடுத்திருக்கிறான். பிறிவியூ நின்றிருந்த கமரா எல்லாவற்றையும் வடிவாகக் காட்டி அவனை அனுப்பி வைத்திருக்கிறது.

றஜனி பின்னாலே வந்து நின்றாள். "பிளாஷைக் கழட்டினனீங்கள்" என்றாள்.

"ஓம்."

"ரெண்டாவதை அமத்தினனீங்களோ?"

மறுமொழியைத் திரையே சொல்லிக்கொண்டிருந்தது.

லெனாட், "மெமரி காட் பழுதாப்போச்சு எண்டு சொல்லலாம்" என்றான். யாழ்ப்பாணத்துப் படக்காரர்களுக்கு இது கைவந்த பொய். கேட்கிறவர்களுக்கும் பழகின பொய்.

"சொல்லுங்கோ" என்றாள் றஜனி. "இறால் திண்ட கை காய முன்னம் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ."

அவள் ஏசியிருந்தால் பொய் சொல்லியிருப்பான். ஏசாதபடியால் கமராவைத் தூக்கிக்கொண்டு நேரே கோவிலடிக்குப் போனான். பாதரிடம் விசயத்தைச் சொன்னான். பாதர் நல்ல மனிசன். சிரித்துவிட்டு, தேவையென்றால் இன்னொருக்கால் வந்து தண்ணீர் தெளிக்கிற மாதிரி நிற்கிறேன் என்றார். அந்த உத்தரவாதத்தோடு லெனாட் கரைக்குப் போனான்.

சிமியோன் வலை வைக்கிற கொட்டிலான வாடிக்குள் இருந்து புது நண்டு வலைக்கு மிதப்புக் கட்டிக்கொண்டிருந்தார். அவரோடு தொழிலுக்குப் போகிற சுரேஸ் மறுமுனையைப் பிடித்திருந்தான்.

"படம் ஒண்டும் வரேல்லை" என்றான் லெனாட். வழியில் பாடமாக்கி வைத்த முன்னுரை எல்லாம் எங்கேயோ விழுந்துவிட்டது. "எல்லாம் வெளுத்துப்போச்சு. கமராவிலை பிழையில்லை. நான் ஒரு பொத்தானை அமத்த மறந்திட்டன்."

"ஒரு பொத்தான்" என்றார் சிமியோன்.

"ஓம்."

"எங்கை, காட்டுங்கோ."

லெனாட் முதலாவது படத்தைக் காட்டினான்.

"பொத்தானைக் காட்டுங்கோ."

காட்டினான். சிமியோன் குனிந்து பார்த்தார். ஒரு பச்சை மிளகுப் பருமன் இருக்கும். "உவ்வளவுதானோ" என்று சொல்லிவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்து, கமராவை வாங்கினார். இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். லெனாட் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னான்.

"இது ஆர்?"

"பாதர்."

"இது?"

"ஜெனிற்றா அக்கா. முழங்காலிலை இருக்கிறா."

"இது?"

"நீங்கள். எஞ்சினுக்குப் பக்கத்திலை."

"எஞ்சின் வடிவா வந்திருக்கு."

சுரேஸ் எட்டிப் பார்த்தான். "அண்ணை, இதைக் கனடாவுக்கு அனுப்பினால், குருநகரிலும் ஸ்னோ கொட்டுதோ எண்டு கேக்கப் போகினம்."

"நீ மிதப்பைப் பிடி" என்றார் சிமியோன்.

லெனாட் பாதர் சொன்னதைச் சொன்னான். சிமியோன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மந்திரிச்ச வள்ளத்தைத் திருப்பி மந்திரிக்கிறதோ? முதல் செய்தது பிடிக்கேல்லை எண்டோ?"

"இல்லை, சும்மா, அப்பிடி நிண்டு நடிச்சால்…"

"ஆண்டவருக்கு முன்னாலையோ?"

சிமியோன் மூன்று மிதப்புக் கட்டி முடித்தார். நான்காவதை எடுத்துக்கொண்டு, வலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாளைப் பின்னேரம் வலை விடுறம். செவ்வாய் விடிய எடுக்கப் போறம். புது வள்ளத்துக்கு முதல் முதல் நண்டு படுற நாள், முதல் பாடு. அதை எடுங்கோ."

"நீங்கள் திரும்பி வரேக்கை நான் ஜெற்றியிலை நிண்டு—"

"ஜெற்றியிலை நிண்டு எடுக்கிறதுக்கு ஜெனிற்றாவின்ரை போன் காணும்."

சுரேஸ் சிரித்தான். சிமியோன் சிரிக்கவில்லை. அவர் பகிடிக்குச் சொல்லவில்லை என்று லெனாட்டின் வயிற்றுக்கு முதலில் விளங்கியது.

திங்கட்கிழமை ஸ்ரூடியோ பூட்டிக் கிடந்தது. வீட்டு முற்றத்தில் பயிற்சி நடந்தது. உப்புத் தண்ணீர் படாமல் கமராவை ஒரு சொப்பிங் பைக்குள் போட்டு, லென்ஸுக்கும் கண்ணுக்கும் மட்டும் ஓட்டை வெட்டியிருந்தாள் றஜனி. பைக்குள் கை விட்டால் பொத்தான் ஒன்றும் தெரியாது. தடவித்தான் பிடிக்க வேண்டும்.

"சத்தி வரேக்கை மெனு பாக்க ஏலாது" என்றாள். "விரலுக்குத் தெரியோணும். முதலாவது ஆளிலை போகஸ் பிடிக்கிறதுக்கு. ரெண்டாவது பிறிவியூ. மற்றது ஒண்டுக்கும் வேலை குடுக்கேல்லை. அமத்தினாலும் ஒண்டும் நடவாது."

ஒரு கால் கட்டையான பிளாஸ்ரிக் கதிரையில் அவனை இருத்தி, பின்னால் நின்று ஆட்டினாள்.

"கண்ணை மூடுங்கோ. ரெண்டாவது?"

"இது."

"அது மூண்டாவது. திருப்பி."

"இது."

"அது கமராவே இல்லை, பையின்ரை முடிச்சு."

பதினைந்தாம் தரம் பிழைத்தபோது அவள் உள்ளே போய் நகப்பூச்சுக் கொண்டுவந்தாள். இரண்டாம் பொத்தானில் ஒரு துளி வைத்து, காய விட்டு, மேலே இன்னொரு துளி வைத்தாள். மருபோல ஒரு சின்ன மேடு. அதற்குப் பிறகு அவனுடைய பெருவிரல் நேரே அங்கே போய் நின்றது.

"பிறிவியூ வேலை செய்யுதோ, நிக்குதோ எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள், கதிரையை ஆட்டுவதை நிறுத்தாமல்.

"சில்லைத் திருப்பினால் உள்ளுக்கை கறுக்கோணும், வெளுக்கோணும். ஒண்டும் மாறாட்டி அது நிக்குது. அப்ப வடிவாத் தெரிஞ்சாலும் நம்பக்கூடாது."

"இதை நீங்கள் அண்டைக்கு வட்டுக்கோட்டையிலை சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"அண்டைக்கு எனக்குத் தெரியாதே."

"எனக்குத் தெரியும் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சியள்."

அவன் இறங்கிப் போய்ப் பூவரச மரத்தடியில் சத்தி எடுத்துவிட்டு வந்தான். கதிரை ஆட்டத்துக்கே அப்படி.

செவ்வாய், கிழக்கு வெளுக்கிற நேரம் சகாயமாதா ஜெற்றியை விட்டது. லெனாட் இரண்டு குளிசை போட்டிருந்தான். சேட்டுப் பைக்குள் மணந்து பார்க்க ஒரு தேசிக்காய் இருந்தது. கடல் அசையாமல் எண்ணெய்போலக் கிடந்தது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சுரேஸ் சொன்னான். ஜெற்றியின் கடைசித் தூண் தாண்ட லெனாட் முதலாவது சத்தியை எடுத்தான்.

"ஒண்டு" என்றான் சுரேஸ்.

எடுத்துவிட்டு நிமிர்ந்து, வாயைத் துடைத்து, இரண்டு படம் எடுத்தான். பிறகு இன்னொரு தரம் குனிந்தான். வேலையும் வயிறும் ஒன்றையொன்று இடையூறு செய்யாமல் முறை வைத்து நடந்துகொண்டிருந்தன. சிமியோன் எஞ்சின் பிடியில் கை வைத்தபடி முன்னே பார்த்திருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மெதுவாகத்தான் ஓடினார், அவருடைய வழக்கமான ஓட்டத்தில் பாதிகூட இல்லை. சுரேஸ் அதைக் கவனித்தான், லெனாட்டுக்குக் கவனிக்கிற நிலைமை இல்லை.

வலை கிடந்த இடத்தில் எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்றால் வள்ளம் ஆடத் தொடங்கும் என்பது அவன் பன்னிரண்டு வயதில் படித்து மறந்த பாடம். சூரியன் தண்ணீரை விட்டு எழும்பிவிட்டது. சிமியோன் முகப்பில் போய் நின்று கயிற்றைப் பிடித்து இழுத்தார். லெனாட் பலகையில் முழங்காலைக் கொழுவிக்கொண்டு கண்ணை ஒட்டினான்.

உள்ளே எல்லாம் மிக வடிவாகத் தெரிந்தது. சிமியோனின் முகம் தெளிவாக இருந்தது. பின்னால் சூரியன் சாந்தமாக இருந்தது. கடல் வர்ணம் பூசின மாதிரி இருந்தது.

இவ்வளவு வடிவு அவனுக்குப் பயத்தைத் தந்தது. இதே வடிவை ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தவன் அவன். சில்லை ஒரு பக்கம் திருப்பினான். சிமியோன் கறுக்கவில்லை. மற்றப் பக்கம் திருப்பினான். வெளுக்கவுமில்லை. மூன்றாம் தரமோ நான்காம் தரமோ குனிந்தபோது பையோடு சேர்த்துப் பொத்தானை நசித்திருக்கிறான்.

"வருது" என்றார் சிமியோன். வலையின் முதல் பாகம் தண்ணீரை விட்டு எழும்பியது.

பெருவிரல் பைக்குள் ஊர்ந்தது. மருவைப் பிடித்தது. அமத்தினான். உள்ளே உலகம் வெள்ளையாய் வெடித்தது. சிமியோன் இல்லை, வலை இல்லை, ஒரு குருவி மட்டும் மிதந்தது. லெனாட் சில்லைத் திருப்பினான். இன்னும் திருப்பினான். வெள்ளைக்குள்ளிருந்து கயிறு வந்தது, கை வந்தது, நரம்பு வந்தது. வலையில் ஒரு நண்டு நீலம் பிடித்தது. சிமியோனின் முகத்துக்கு மூக்கும் கன்னமும் வந்தன. நண்டைக் கண்ட அந்த முகத்தில் ஒரு சிரிப்பும் வந்தது. லெனாட் படம் எடுக்கிற பொத்தானை அமத்தினான். திரும்பத் திரும்ப அமத்தினான். ஏழாவது படத்தோடு வயிறு தன்னுடைய முறையைக் கேட்டது.

இரண்டு கையும் கமராவில் இருந்தன. வெளியே குனிய நேரமில்லை. வள்ளத்துக்குள்ளேயே எடுத்தான். மந்திரித்து இரண்டு நாள் ஆன வெள்ளை வள்ளத்துக்குள், முதல் வலைக்குப் பக்கத்தில்.

சுரேஸ் எண்ணவில்லை. "அண்ணை" என்றான். "புது வள்ளம் அண்ணை. முதல் பாடு."

லெனாட் நிமிரவில்லை. பதினான்கு வருசத்துக்குப் பிறகு போட்ட இறால் பொரியல் அவனுடைய ஞாபகத்தில் வந்தது. இன்னொரு நத்தார் கேக், அதைக் கொண்டுவருகிற ஜெனிற்றா, சீனியில்லாத தேத்தண்ணி, எல்லாம் வரிசையில் வந்தன.

சிமியோன் வலையை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

"எடுக்கட்டும்" என்றார். "புது வள்ளத்திலை முதல் பாட்டுக்கு ஒருத்தன் சத்தி எடுக்கத்தான் வேணும். எடுத்தால்தான் பாடு படும். எங்கடை அப்பு சொல்லுறவர்."

குருநகரில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. லெனாட் கடல்தொழிலாளியின் மகன். மூன்று நாள் கடலுக்குப் போனவன் என்றாலும் வழக்கங்கள் அவனுக்குத் தெரியும். சுரேஸுக்கும் தெரியும். சுரேஸ் வாயைத் திறந்தான். சிமியோன் அவனைப் பார்த்தார். சுரேஸ் வாயை மூடிக்கொண்டு வாளியை எடுத்தான். வாளியைச் சிமியோனே வாங்கி, கடலில் முகந்து, பலகையைக் கழுவி விட்டார்.

"முகத்தைத் துடைச்சுப்போட்டு எடும்" என்றார். "மிச்ச வலை கிடக்கு."

அன்று நல்ல பாடு. அது வலை விட்ட இடத்தின் பலன்; சிமியோனுக்கு அந்த இடம் முப்பது வருசமாகத் தெரியும். ஆனால் ஜெற்றியில் நண்டைத் தராசில் நிறுத்தபோது நின்றவர்களுக்குச் சுரேஸ் வேறு காரணம் சொன்னான். சம்மாட்டி சிமியோன் சொன்னதைச் சொல்லாமல் இருக்க அவனால் முடியவில்லை.

அந்த ஏழு படங்களில் நான்காவதைச் சிமியோன் தெரிந்தெடுத்தார். நண்டும் சிரிப்பும் உள்ள படம். திருஇருதயப் படத்துக்குக் கீழே அதைப் பெரிதாக்கி மாட்டினார்கள். லெனாட் ஏணியில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது சிமியோன் கீழே நின்று சொன்னார்:

"அந்த வெள்ளைப் படத்திலையும் ஒண்டு வேணும்."

"எதிலை?"

"பாதர் தண்ணி தெளிக்கிறது. தெரியாட்டிலும் அதுக்குள்ளை இருக்குத்தானே."

லெனாட் அதையும் பிரேம் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த வெறும் வெள்ளையைப் பார்த்து, இது என்ன என்று கேட்பார்கள். ஜெனிற்றா விரலால் தொட்டுத் தொட்டு, இது பாதர், இது நான், இது எஞ்சின் என்று காட்டுவாள். எஞ்சினை எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலமை இன்னாசித்தம்பி ஸ்ரூடியோவுக்கு வந்தார். நாலு வீடு தள்ளி இருக்கிறவர். ஸ்ரூடியோ வீட்டின் முன்னறைதான். பின்னால் றஜனி தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"புது வள்ளம் இறக்கிறன்" என்றார்.

"நல்லது. மந்திரிப்பு எப்ப?"

"அதுக்குப் பெறாமகன் போனிலை எடுப்பான். முதல் பாட்டுக்குத்தான் நீ வரோணும்."

"படம் எடுக்கவோ?"

இன்னாசித்தம்பி கதிரையில் ஒருக்கால் அசைந்து இருந்தார். "படமும் எடுக்கலாம்."

லெனாட்டுக்கு விளங்கியது. விளங்கியும், "வேறை என்ன?" என்று கேட்டான்.

"உனக்குத் தெரியும்தானே. சிமியோன்ரை வள்ளத்துக்கு அண்டையிலையிருந்து நல்ல பாடு. நான் போய்க் கேட்டனான். 'என்ரை மச்சானைக் கூட்டிக்கொண்டு போ, அவன் கெட்டிக்காரன், கடைசித் தூண் தாண்ட முன்னமே சத்தி எடுப்பான்' எண்டவன்."

பின்னால் திருவலைச் சத்தம் நின்றது.

அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று லெனாட் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிமியோன் பொய்யராகிவிடுவார். மேசையில் கிடந்த கமராவை எடுத்து இரண்டாம் பொத்தானைத் தடவினான். நகப்பூச்சு தேயத் தொடங்கியிருந்தது; இன்னொரு துளி வைக்கச் சொல்ல வேண்டும்.

"எப்ப?" என்று கேட்டான்.

"வாற புதன். விடிய அஞ்சரைக்கு." இன்னாசித்தம்பி எழும்பினார். வாசலில் நின்று திரும்பி, ஒரு முக்கியமான விசயம் ஞாபகம் வந்தவர்போலச் சொன்னார்: "வெறும் வயித்தோடை வந்திடாதை. நல்லாச் சாப்பிட்டிட்டு வா."

அவர் படலையைத் தாண்டினதும் றஜனி குசினிக்குள்ளிருந்து, புதன்கிழமைக்குப் புட்டோ இடியப்பமோ என்று கேட்டாள்.